மேலே, கீழே, எதிரே: அடுக்குமாடி வீட்டில் குடியிருக்கத் தேவையான பிரெஞ்சு

பாரிஸில் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றில் குடியேறியிருக்கும் நீங்கள், தொடக்கநிலைப் பிரெஞ்சுத் தேர்வான ஏ2-இல் தேறிய பிறகும் இடத்தைக் காட்டும் சொற்கள் காலை வாரிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சமையலறை சீலிங்கில் தண்ணீர் கசிகிறது. காப்பீட்டு நிறுவனத்தாரிடம் தொலைபேசியில் சொன்னால், மேல் வீட்டிலிருந்து உங்கள் வீட்டுக்குக் கசிகிறதா, உங்கள் வீட்டிலிருந்து கீழ் வீட்டுக்குக் கசிகிறதா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். 'மேலே', 'கீழே' என்பவற்றுக்கான பிரெஞ்சுச் சொற்கள் அனைத்தையும் பட்டியலிட்டுத் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எந்த இடத்தில் எந்தச் சொல்லை எடுப்பது என்பது ஒன்று. சரியான சொல்லை எடுத்த பிறகும் எதிராளிக்கு ஏன் விளங்கவில்லை என்பது இன்னொன்று. தமிழ் பேசுகிறவர்களுக்குப் பிரெஞ்சு கற்றுக்கொடுப்பதே என் தொழில் என்பதால் இரண்டையும் நன்றாகவே அறிவேன். இரண்டாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்; உங்கள் தொலைபேசிக் குழப்பத்துக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

மேலே என்பதற்கு 'தெஸ்யூ', கீழே என்பதற்கு 'தெஸூ'. நேர் எதிர்ப்பொருள் கொண்ட இந்த இரண்டு சொற்களுக்கும் கடைசி உயிரொலி ஒன்றில் மட்டுமே வேறுபாடு. இரண்டாவதில் இருப்பது நம்முடைய 'ஊ'. முதலாவதில் இருப்பது தமிழில் இல்லாத ஒலி. அதைத்தான் 'யூ' என்று எழுதுகிறேன். எழுத்துக்கு வேறு வழியில்லை என்பதால் எழுதுகிறேனே தவிர, அதில் 'ய' கிடையாது. 'ஈ' என்று நீட்டிச் சொல்லத் தொடங்குங்கள். நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ' சொல்வதற்குக் குவிப்பதுபோலக் குவியுங்கள். வெளிவருவதுதான் அந்த ஒலி. நம்மவர்கள் அதை 'ஊ' என்றே சொல்லிவிடுகிறோம். அப்போது மேல் வீட்டுக்காரர் கீழ் வீட்டுக்காரர் ஆகிவிடுகிறார், கசிவின் திசையே மாறிவிடுகிறது. இதே தடுமாற்றத்தில் அலுவலகம் என்னும் 'ப்யூரோ', கொலைத் தண்டனையை நிறைவேற்றுகிறவன் என்னும் 'பூரோ' ஆகும். தெரு என்னும் 'ர்யூ', சக்கரம் என்னும் 'ரூ' ஆகும். இந்தச் சோடிகளை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். காதுக்கும் பயிற்சி வேண்டும்: வேகமான பேச்சில் 'ஓ-தெஸ்யூ' என்பதன் நடு உயிர் மறைந்து 'ஓத்ஸ்யூ' என்று சுருங்கிவிடும், கடைசி ஒலி ஒன்றுதான் உங்களுக்குக் கைகொடுக்கும். தொலைபேசியில் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் சொல்லையே நம்பாதீர்கள், மாடி எண்ணைச் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இனி எந்தச் சொல், எப்போது. இதில் ஐயத்துக்கு இடமில்லாத விதி ஒன்று உண்டு: எதற்கு மேலே என்பதைச் சொல்லில் குறிப்பிடுகிறீர்களா, இல்லையா? மேசையின் மேல் என்று பொருளைச் சொன்னால் 'ஸ்யூர் லா தாப்ல்'. மேசை முன்பே பேச்சில் வந்துவிட்டது, அதை மறுபடி சொல்ல வேண்டாம் என்றால் 'தெஸ்யூ' மட்டும் போதும். நாம் 'அதன் மேல்' என்று சொல்லிப் பழகியவர்கள். ஆகவே மேசைக்கு ஒரு பிரதிப்பெயரைத் தேடி 'ஸ்யூர் எல்' என்கிறோம். பொருளைப் பற்றிப் பேசும்போது பிரெஞ்சுக்காரர் காதுக்கு அது ஒட்டாது. சாவி மேசைமேல் இருக்கிறதா என்று கேட்டால், 'ஆம், தெஸ்யூ இருக்கிறது' என்பதே அவர்கள் வழக்கு. அடியில் என்னும் 'ஸூ' என்பதற்கு 'தெஸூ', உள்ளே என்னும் 'தான்' என்பதற்கு 'தெதான்' என மற்றவையும் இதே அச்சில் வார்த்தவை. (இந்த 'தான்' நம்முடைய தான் அல்ல, ஈற்றில் உள்ள 'ன்' மூக்கில் கரைந்துவிட வேண்டும்.) பட்டியலாகப் பார்த்தால் மிரட்டும் சொற்களில் பாதி இப்படிச் சோடி சேர்ந்து அடங்கிவிடும்.

அடுத்தது தொடுகை. பொருள் அடியில் உள்ளதன்மீது பட்டுக்கொண்டிருந்தால் 'ஸ்யூர்', இடைவெளி விட்டு மேலே இருந்தால் 'ஓ-தெஸ்யூ து'. மேசைமீது விளக்கு இருந்தால் முன்னது; மேசைக்கு மேலே சீலிங்கிலிருந்து தொங்கினால் பின்னது. தமிழில் இரண்டையும் 'மேல்' என்றே முடித்துவிடலாம் என்பதால் நம் மாணவர்கள் எல்லாவற்றையும் 'ஸ்யூர்' என்று சொல்லும் பழக்கத்தில் விழுகிறார்கள். ஆனால் இந்த விதியைக் கல்லில் செதுக்க வேண்டாம். செய்ன் நதியின்மேல் உள்ள பாலம் தண்ணீரைத் தொடாவிட்டாலும் அது 'ஸ்யூர் லா செய்ன்' தான். கீழ்ப்பக்கத்தில் இந்தச் சமச்சீரும் இல்லை: 'ஸூ' என்பது தொட்டாலும் தொடாவிட்டாலும் பொருந்தும். பூனை மேசைக்கு அடியில் படுத்திருந்தாலும், கடிதம் புத்தகத்துக்கு அடியில் அழுந்திக் கிடந்தாலும் ஒரே சொல். வீடுகளின் அடுக்கு, வெப்பநிலை, மதிப்பெண் போல ஒரு மட்டத்தோடு இன்னொன்றை ஒப்பிடும்போதுதான் 'ஓ-தெஸூ து' அல்லது 'ஆன்-தெஸூ து' தேவைப்படுகிறது. இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு என்று மாணவர்கள் குடைவார்கள். பொருளில் நடைமுறை வேறுபாடு எதுவும் இல்லை. அன்றாடப் பேச்சில் 'ஆன்-தெஸூ' கூடுதலாகக் காதில் விழும், எழுத்தில் மற்றது சற்று மிடுக்காக இருக்கும். நுட்பமான வேறுபாடுகளை வகுத்துத் தரும் பாடநூல்களும் உண்டு. எனக்கு அவை நம்பும்படி இல்லை.

'ஆன் ஓ', 'ஆன் பா' என்பவை வேறு குடும்பம். ஒரே பொருளுக்குள், அல்லது ஒரே கட்டடத்துக்குள், மேற்பகுதி எது கீழ்ப்பகுதி எது என்று இவை காட்டுகின்றன. பக்கத்தின் கீழ்ப்பகுதியில் கையொப்பமிடச் சொன்னால் 'ஆன் பா து லா பாஜ்'. அலமாரியின் மேல்தட்டில் என்றால் 'ஆன் ஓ து லார்முவார்', அலமாரியின் தலைமேல் வைத்த பெட்டி 'ஸ்யூர் லார்முவார்', அலமாரிக்கு மேலே சுவரில் மாட்டிய படம் 'ஓ-தெஸ்யூ து லார்முவார்'. (முதலாவதைப் பேச்சில் தலைமேல் என்ற பொருளிலும் ஆள்வார்கள், அங்கே எல்லை கொஞ்சம் மங்கல்தான்.) வீட்டுக்குள் 'ஆன் பா' என்றால் கீழ்த்தளம். 'ஆன் பா து ஷே முவா' என்றால் என் கட்டடத்து வாசல், அதாவது படியிறங்கியதும் வரும் தெரு. படியிறங்கியதுமே ரொட்டிக்கடை இருப்பதைச் சொல்லப் பாரிஸ்காரர்கள் அடிக்கடி எடுக்கும் சொல் இது. இங்கே நமக்கு ஒரு பள்ளம் இருக்கிறது. 'பெட்டியைக் கீழே வை' என்று நாம் சொல்வது தரையில் வை என்ற பொருளில். அதை 'ஆன் பா' என்று சொன்னால், உதவிக்கு வந்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடி இறங்கிப் போய்விடுவார். தரைக்கு 'பார் தேர்' என்று சொல்ல வேண்டும். கீழே விழுந்துவிட்டான் என்பதற்கும் 'விழுந்தான்' என்பது மட்டுமே போதும், வேண்டுமானால் 'பார் தேர்' சேர்க்கலாம்.

'லா-ஓ' என்றால் அதோ மேலே. அந்த வழியில் 'லா-பா' என்றால் அதோ கீழே என்று எவரும் எண்ணுவார்கள். அது வெறும் 'அங்கே'. தொலைவைத்தான் குறிக்கும், தாழ்வைக் குறிக்காது. மலையுச்சியில் இருக்கும் ஊரையும் 'லா-பா' என்பார்கள். இலங்கையிலோ இந்தியாவிலோ இருக்கும் சொந்தங்களைப் பற்றி உங்களிடம் பேசும்போதும் அந்தச் சொல்தான் வரும். அதில் இளக்காரம் எதுவும் இல்லை.

மாடி எண்ணுவதில் நமக்கு நல்ல வாய்ப்பு. தெரு மட்டத்தில் இருப்பது 'ரே-த்-ஷோஸே', அதற்கு மேலே உள்ளதுதான் 'ப்ரெமியெர் எத்தாஜ்'. நம் ஊரில் தரைத்தளத்துக்கு அடுத்து முதல் மாடி வருவதைப் போலவே. அமெரிக்கர்கள் இதில் ஒரு மாடி தவறிப்போவார்கள், நீங்கள் போகமாட்டீர்கள். கியூபெக்கில் பிரெஞ்சு பேசினாலும் எண்ணிக்கை பல இடங்களில் வட அமெரிக்க முறையில் தெரு மட்டத்திலிருந்தே தொடங்கும். மாண்ட்ரியாலில் உறவினர் இருந்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள், என் காது பாரிஸ் வட்டாரத்துக்குப் பழகியது. லிஃப்டில் தரைத்தளத்துக்குச் சுழி என்றோ 'ஆர் டி சி' எழுத்துகளாகவோ பொத்தான் இருக்கும். நிலவறைத் தளம் 'ஸூ-ஸோல்'. கார் நிறுத்துமிடங்களில் அவற்றைக் கழித்தல் ஒன்று, கழித்தல் இரண்டு என்றே எண்ணுவார்கள். மேல் வீட்டுக்காரர் 'வுவாஸேன் த்யூ தெஸ்யூ', கீழ் வீட்டுக்காரர் 'வுவாஸேன் த்யூ தெஸூ', உங்கள் தளத்திலேயே எதிர்க்கதவில் இருப்பவர் 'வுவாஸேன் து பாலியே'. 'பாலியே' என்பது படிக்கட்டு முடிந்து கதவுகள் தொடங்கும் அந்தச் சிறு தளம்.

பேச்சில் 'எத்தாஜ்' என்ற சொல்லையே விழுங்கிவிடுவார்கள். 'ஓ த்ருவாஸியெம்' என்றால் மூன்றாம் மாடியில். 'தான் லெ த்ருவாஸியெம்' என்றால் மூன்றாம் வட்டாரத்தில். 1860 முதல் பாரிஸ் இருபது வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. லா ஷப்பேலில் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் ஃபோபூர் சென் தெனி தெரு பத்தாவதில் அடங்குகிறது. ஆகவே ஒருவர் 'ஓ தீஸியெம்' என்று சொன்னால் அவர் உயரமான கட்டடத்தில் பத்தாவது மாடியில் குடியிருக்கிறார். 'தான் லெ தீஸியெம்' என்றால் நீங்கள் கறிவேப்பிலை வாங்கப் போகும் பக்கம். முன்னால் வரும் சிறு சொல் ஒன்றுதான் இரண்டையும் பிரிக்கிறது.

உணவகத்தில் கழிப்பறை எங்கே என்று கேட்டால் வரும் பதில்கள் ஒரு கைக்குள் அடங்கும்: 'ஓ ஃபோன் ஆ கோஷ்', கடைசியில் இடப்பக்கம், 'ஆ லெத்தாஜ்', மாடியில், 'ஓ ஸூ-ஸோல்' அல்லது 'ஆன் பா', கீழே. 'ஃபோன்' என்பது அடி ஆழம் மட்டுமல்ல, வாசலிலிருந்து பார்க்கும்போது உள்ளே கடைசிவரை உள்ள பகுதியும் அதுவே. தாழ்வாரத்தின் கடைசி, கடையின் பின்பகுதி எல்லாம் 'ஓ ஃபோன்'. எதிரே என்பதற்கு 'ஆன் ஃபாஸ்', முன்னால் என்பதற்கு 'தெவான்'. தெருவுக்கு அந்தப் பக்கம் முகம் பார்த்து நிற்பது முன்னது, வாசலை ஒட்டி நிற்பது பின்னது. இதில் நமக்குக் குழப்பம் வராது. குழப்பம் வருவது காலத்தில். 'வீட்டுக்கு முன்', 'எட்டு மணிக்கு முன்' என்று தமிழ் இடத்துக்கும் காலத்துக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. பிரெஞ்சு இடத்துக்கு 'தெவான்', காலத்துக்கு 'அவான்' என்று பிரித்துவிடுகிறது. பின்னால் என்பதற்கும் அப்படியே, இடத்துக்குத் 'தெரியேர்', காலத்துக்கு 'அப்ரே'.

'இல்' உருபு இன்னொரு தொல்லை, அதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விதி இல்லை. தெருவில் என்பது 'தான் லா ர்யூ', ஆனால் சதுக்கத்தில் என்பது 'ஸ்யூர் லா ப்லாஸ்'. படிக்கட்டில் என்பது 'தான்'. புகைப்படத்தில் என்பது 'ஸ்யூர்'. மழையில் நனைந்தால் 'ஸூ லா ப்ளுயி', மழைக்கு அடியில் நிற்கிறீர்கள். வெயிலில் என்றால் மட்டும் 'ஓ ஸொலேய்'. இவற்றைக் காரணம் கேட்காமல் சொற்றொடராகவே மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அதுபோல, இடமே இல்லாத இடத்தில் நாம் போடும் 'மேல்' பிரெஞ்சில் வேறு வேறு உருவில் போகும். என்மேல் கோபம் என்பதில் 'எதிராக' என்னும் 'கோன்த்ர்' வரும். உன்மேல் நம்பிக்கை என்பதில் 'ஆன்' வரும். பத்துக்கு மேல் ஆட்கள் என்பது 'ப்ல்யூ து' என்று அளவுச் சொல்லாகிவிடும்.

மட்டம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 'நிவோ' என்பது தண்ணீர்மட்டம், கடல்மட்டம், மொழித்தேர்வின் படிநிலை எல்லாவற்றுக்கும் வரும். ஐரோப்பிய கவுன்சில் 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையான ஆறு படிகளும் 'நிவோ' தான். இதன் பேச்சு வடிவம் 'ஓ நிவோ து'. போக்குவரத்து அறிவிப்பில் புறவட்டச் சாலையில் விபத்து 'ஓ நிவோ து லா போர்த் து பாஞோலே' என்று சொன்னால் உயரத்தோடு அதற்குச் சம்பந்தமில்லை. பாஞோலே வாயில் அருகே என்று பொருள். 'ஆ ஓத்தர் து' என்பதையும் அதே இடத்தில் சொல்வார்கள். செலவைப் பொறுத்தவரை, உணவைப் பொறுத்தவரை என்ற பொருளிலும் 'ஓ நிவோ து' பேச்சில் ஓயாமல் வரும். மொழி மரபைக் காக்கும் அமைப்பான பிரெஞ்சு அகாதெமி அதை ஏற்பதில்லை. 'நான் பாரிஸில் வசிக்கிறேன்' என்பதை 'ஸ்யூர் பாரி' என்று சொல்வதையும் ஏற்பதில்லை. இரண்டையும் புரிந்துகொள்ளுங்கள், தேர்வுத்தாளில் எழுதாதீர்கள்.

தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று சொல்ல, பிரெஞ்சுக்காரர்கள் உடல் உறுப்பைக் கொண்டு அளப்பார்கள்: தண்ணீர் அவருக்கு முழங்கால்வரை 'அரீவ்', அதாவது வந்து சேர்கிறது. இதற்குப் பாரிஸில் நடமாடும் எடுத்துக்காட்டு, இல்லை, நின்றுகொண்டே இருக்கும் எடுத்துக்காட்டு, அல்மா பாலத்தின் ஸுவாவ் வீரன் சிலை. செய்ன் பெருகும்போதெல்லாம் தண்ணீர் அவனுடைய பாதத்திலா, முழங்காலிலா என்று மக்கள் பேசிக்கொள்வார்கள். 1910 ஜனவரி வெள்ளத்தில் நதி 8.62 மீட்டர் தொட்டபோது அவன் தோள்வரை நீர் வந்தது. 1970களின் தொடக்கத்தில் பாலத்தைப் புதிதாகக் கட்டியபோது சிலையின் இடம் மாறிவிட்டது என்பதால் இன்றைய முழங்கால் பழைய முழங்கால் அல்ல. ஆனால் பேச்சு மாறவில்லை.

உயரத்தையும் வரைபடத்தையும் ஒன்றாக எண்ணவும் வேண்டாம். அல்சாஸில் 'ஓ-ரேன்', 'பா-ரேன்' என்று இரு மாவட்டங்கள். மேல் ரைன் வரைபடத்தில் தெற்கே, கீழே இருக்கிறது. நதியின் மேல்நீர்ப் பக்கம் என்பதால் அது மேல். மாறாக, 2016-இல் பெயர் சூட்டப்பட்ட 'ஓ து ஃப்ரான்ஸ்' மண்டலம் பெரும்பாலும் சமவெளி. வரைபடத்தின் உச்சியில் இருப்பதால் அந்தப் பெயர். 'கீழ்' என்ற பெயரைத் தாங்கிய மாவட்டங்களோ, கீழ் ரைன் நீங்கலாக, அதில் இழிவு தொனிப்பதாகக் கருதி ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டன: கீழ் செய்ன் 1955-இல் கடலோரச் செய்ன் ஆனது, கீழ் ஆல்ப்ஸ் 1970-இல் மேல் ப்ரோவான்ஸ் ஆல்ப்ஸ் ஆனது. எந்த மூலையிலிருந்து புறப்பட்டாலும் பாரிஸுக்கு மட்டும் 'ஏறி' வருவார்கள் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கசிவு. இதற்கு இங்கே பெயர் 'தெகா தேஸோ'. நீங்களும் மேல் வீட்டுக்காரரும் சேர்ந்து நிரப்பும் ஒப்புதல் படிவம் ஒன்று காப்பீட்டு நிறுவனத்தில் கிடைக்கும். கசிவைக் கண்ட ஐந்து வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். படிவத்திலும் கடிதங்களிலும் 'ஸி-தெஸ்யூ' என்றால் மேலே குறிப்பிட்டது, 'ஸி-தெஸூ' என்றால் கீழே வருவது; எழுத்தில் ஓர் எழுத்துதான் வேறுபாடு, விரலை வைத்துப் படியுங்கள். தொலைபேசியில் இந்த வரிசையில் சொல்லுங்கள்: நான் 'ஓ த்ருவாஸியெம்' வசிக்கிறேன், கசிவு 'ஓ நிவோ த்யூ ப்லாஃபோன்', அதாவது சீலிங் பகுதியில், தண்ணீர் 'த்யூ காத்ரியெம்', நான்காம் மாடியிலிருந்து வருகிறது. உங்கள் மாடி வேறென்றால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். 'தெஸ்யூ' என்ற சொல்லை எண்ணுக்குப் பிறகு சொன்னால் போதும். உதடு சரியாகக் குவியாவிட்டாலும் கேட்பவர் எழுதிக்கொள்வது எண்ணைத்தான்.